கயிற்றின் மேல் மகள்

என் மகளுக்கு ஒன்பது வயது. கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி திண்டுக்கல்லில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குப் போகிறாள். இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறு மட்டும்தான் வகுப்பு. நான் கல்லூரித் தேர்வுத் தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். போன ஜூன் மாதம் அவளை ‘செலக்‌ஷன் பேட்ச்’சுக்கு மாற்றினார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம். எடை எழுத ஒரு நோட்டு. கூடவே ஒரு விதி: செலக்‌ஷன் பேட்ச்சின் அம்மாக்கள் உள்ளே உட்காரக் கூடாது.

“நீங்க இருந்தா பிள்ளைங்க அழுதுருதுங்க மேடம்” என்றார் பயிற்சியாளர்.

அம்மா இல்லையென்றால் அழாத பிள்ளை, அழுகையை என்ன செய்கிறது? நான் கேட்கவில்லை. மகள் தேர்வானதில் எனக்கும் பெருமை இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் மற்ற அம்மாக்களோடு நின்றுகொண்டேன். “ஸ்கூல்ல விட்டுட்டு வர்றதில்லையா, அது மாதிரித்தான்” என்றார் ஒருவர். அப்போது அது சரியாகத்தான் பட்டது.

விஷயத்தைக் கிளப்பிவிட்டது என் அம்மாச்சி. வீட்டுத் திண்ணையில் பிள்ளை பின்புறமாக வளைந்து கையூன்றி நின்றதைப் பார்த்துவிட்டு, “என்னடி இது, பிள்ளையக் கழைக்கூத்தாடியா ஆக்கப்போறியா?” என்றார். நான் சிரித்தேன். அம்மாச்சி சிரிக்கவில்லை. அவருக்கு அது வசவு. கம்பின் மேலும் கயிற்றின் மேலும் உடம்பை நிறுத்தத் தெரிந்த பெண் எப்படி ஒரு வசவானாள் என்று யோசித்தபோதுதான், நான் தமிழ் படித்தவள் என்பது எனக்கே நினைவுக்கு வந்தது.

நற்றிணையின் 95ஆம் பாட்டைப் பல வருடமாக வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கோட்டம்பலவனார் பாடியது, குறிஞ்சித் திணை. தன் நெஞ்சைக் கட்டிப்போட்ட பெண்ணின் ஊர் எது என்று தலைவன் தோழனிடம் அடையாளம் சொல்கிறான். வாத்தியங்கள் முழங்க ஒரு ஆடுமகள் கயிற்றின் மேல் நடந்திருக்கிறாள். அவள் போன பிறகு அத்திப்பழம் போல் முகம் சிவந்த குரங்குக்குட்டி ஒன்று அந்தக் கயிற்றில் தொங்கி ஆடுகிறது. அதைப் பார்த்த குறவர் பிள்ளைகள் பாறை மேல் ஏறி மூங்கிலைப் பிடித்து எம்பியபடி தாளம் போடுகிறார்கள். அந்தக் குன்றில்தான் அவள் ஊர்.

குரங்கு எவ்வளவு அழகு, பிள்ளைகள் எவ்வளவு அழகு என்றுதான் நான் நடத்துவேன். தலைவன், தலைவி, உள்ளுறை என்று மாணவிகளும் எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். கயிற்றில் நடந்தவளைப் பற்றி இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பாட்டு தொடங்குவதற்கு முன்பே அவள் இறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு என்ன வயது, அடுத்த ஊருக்கு எப்போது கிளம்பினாள், யார் அவளுக்குக் கயிற்றைப் பழக்கினார்கள்? குரங்குக்குட்டியின் முகத்துக்கு உவமை தேடிய புலவருக்கு அவள் முகம் தேவைப்படவில்லை. ஒரு பெண்ணின் உழைப்பு ஊருக்கு அடையாளமாக மிஞ்சியிருக்கிறது. ஊர் வேறொருத்தியுடையது.

குறுந்தொகையின் ஏழாம் பாட்டிலும் கயிற்றாட்டம் வருகிறது. அங்கே பறையின் ஓசை மட்டும்தான், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு உவமையாக. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஒவ்வோர் ஊரிலும் இறங்கி ஆடி, ஒவ்வோர் ஊரையும் விட்டுப் போக வேண்டியிருந்தவர்கள் இவர்கள். பின்னாளில் அந்தத் தொழில் தொம்பர் போன்ற சாதிகளின் மேல் எழுதப்பட்டது. 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகளில் தொம்பரைப் பற்றியும் ஒரு பதிவு உண்டு. கழையேறும் பெண்களின் திறமையும் அவர்களுடைய ‘ஒழுக்கமும்’ ஒரே பதிவுக்குள் அடுத்தடுத்துப் பேசப்படும். உயரத்தில் ஏறி எல்லோரும் பார்க்க நின்றவள் எல்லோருக்கும் உரியவள் என்ற கணக்கை அதிகாரி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊர் போட்டுவைத்திருந்த கணக்கை அச்சில் ஏற்றினார், அவ்வளவுதான். அம்மாச்சியின் வசவு அந்தக் கணக்கில் வருவது.

கன்னிவாடிச் சந்தையில் சின்ன வயதில் ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். என் வயதுதான் இருக்கும். எண்ணெய் காணாத தலை. இரண்டு பக்கமும் மூங்கிலைப் பெருக்கல் குறியாக நட்டு இழுத்துக் கட்டிய கயிற்றில், கையில் கோலோடு நடந்தாள். கீழே அவளுடைய அம்மா கொட்டு அடித்தாள். பின்னால் மலை. நான் வாயைப் பிளந்து நின்றேன், என் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் எங்கள் வீட்டுக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கோலோடு நடந்து பார்த்து அடி வாங்கினேன். பன்னிரண்டு வயதில் பெரியவளானதும் சுவரும் போயிற்று, புளியமரமும் போயிற்று. அந்தப் பெண்ணுக்குக் கயிறு போகவில்லை. ஏறினால்தான் அவளுக்குச் சோறு. ஒருத்தி இறங்க முடியாது, இன்னொருத்தி ஏற முடியாது. இரண்டு உடம்பையும் பற்றி முடிவெடுத்தது வேறு யாரோ.

கழைக்கூத்துக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தலச்சேரிக்குப் போக வேண்டும். பாசல் மிஷன் பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற ஆசிரியர்தான் 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளியைத் தொடங்கியவர். இந்திய சர்க்கஸுக்கு அங்கிருந்துதான் ஆள் போயிற்று. ஐரோப்பியர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த உடற்பயிற்சி அவர் கையில் கூடாரத்துக்குள் போனது. மலபாரின் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள் பலர் அந்தக் கூடாரங்களில் பாரிலும் கயிற்றிலும் வாழ்ந்தார்கள். அவர்கள் சம்பளத்தில் வீடுகள் எழுந்தன. அவர்களை ஊர் பார்த்த பார்வையும் அம்மாச்சியின் பார்வைதான். 2011இல் சர்க்கஸில் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடத்தலும் அடியும் பாலியல் கொடுமையும் நீதிமன்றத்தின் முன் வந்த பிறகு பிறந்த உத்தரவு அது. தேவையான உத்தரவு.

ஆனால் வேப்பமரத்தடியில் நிற்கும்போது ஒன்று உறுத்தியது. ஒன்பது வயதுப் பிள்ளை தினமும் இரண்டரை மணி நேரம் மூடிய கதவுக்குப் பின்னால் உடம்பை வளைத்தால், கூடாரத்தில் அது குற்றம், மண்டபத்தில் விளையாட்டு. என்ன வித்தியாசம்? சம்பளம் வாங்குவதற்குப் பதிலாக நாங்கள் கட்டணம் கட்டுகிறோம். பிள்ளை ராத்திரி வீட்டுக்கு வருகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். இவை சின்ன வித்தியாசங்கள் இல்லை. இன்னொன்றும் இருக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று பிள்ளை சொன்னால் அது யார் காதிலாவது விழ வேண்டும். கதவு மூடியிருந்தால் அந்த ஒரு வித்தியாசம் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

படிக்க ஆரம்பித்தேன். ஜிம்னாஸ்டிக்ஸ் சின்னப் பெண்களின் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது வரலாறு தெரியாத நினைப்பு. ஃபிரீட்ரிஷ் யான் 1811இல் பெர்லினில் அமைத்த பயிற்சித் திடல் நெப்போலியனை எதிர்க்க இளைஞர்களைத் தயார் செய்வதற்கு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் இடம் கிடைத்தது 1928 ஆம்ஸ்டர்டாமில், அதுவும் குழுவாக மட்டும். தனிநபர் பதக்கத்துக்கு 1952 வரை காத்திருந்தார்கள். அந்த 1952இல் ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி முதன்முதலாக ஒலிம்பிக் மேடை ஏறியபோது அவருக்கு வயது 31. நாஜிகளிடமிருந்து போலி அடையாளத்தில் வீட்டு வேலைக்காரியாக ஒளிந்து பிழைத்தவர். அப்பா ஆஷ்விட்ஸில் இறந்தார். 1956இல் 35 வயதில் நான்கு தங்கம். சோவியத்தின் லாரிசா லாட்டினினா 1958 உலகப் போட்டியில் கர்ப்பிணியாக ஆடி ஐந்து தங்கம் எடுத்தார். இடுப்பும் மார்பும் உள்ள பெண்கள் ஆடிய விளையாட்டு இது.

பிறகு உடம்பு சுருங்கியது. 1972இல் ஓல்கா கோர்புட், 17 வயது. 1976 மான்ட்ரியாலில் நாடியா கொமெனச்சி, 14 வயது. முழு மதிப்பெண்ணான பத்தைக் காட்ட வழியில்லாத பலகை 1.00 என்று காட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். சின்ன உடம்பு காற்றில் வேகமாகச் சுழலும் என்பது இயற்பியல். சின்னப் பிள்ளை சொன்னதைக் கேட்கும் என்பது இயற்பியல் இல்லை, ஆனால் பயிற்சிக்கூடங்களுக்கு அதுவும் வசதியாக இருந்தது. உலகப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 1981இல் 15 ஆகவும் 1997இல் 16 ஆகவும் உயர்த்தினார்கள். பயிற்சி தொடங்கும் வயதை எந்த விதியும் தொடவில்லை.

லாரி நாசர் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருந்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர். சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிறுமிகளிடம் பாலியல் வன்முறை செய்தவர். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 156 பேரின் வாக்குமூலங்கள் ஒலித்தன. தண்டனை 40 முதல் 175 ஆண்டுகள். ஒரு பெண் 1997லேயே தன் பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தாள், சொன்னது அங்கேயே அமுங்கிப்போனது. தேசியப் பயிற்சி முகாமில் பெற்றோருக்கு அனுமதி இல்லை. இந்த இடம் வரை படித்தபோது, கதவு மூடக் கூடாது என்ற என் கட்சி ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த பக்கத்தில் தோற்றேன். பல சிறுமிகளுக்கு அது நடந்தபோது அம்மா அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணை மறைக்கும்படி அந்த ஆள் நின்றுகொண்டார். நீதிமன்றத்தில் அந்த அம்மாக்கள் அழுதது வேறு விதமான அழுகை.

அன்று ராத்திரி மகளிடம் பேசினேன். ‘ஸ்பாட்டிங்’ என்றால் பயிற்சியாளர் இடுப்பில் கை கொடுத்துத் தாங்குவது. அது இல்லாமல் இந்த விளையாட்டைக் கற்க முடியாது. தொடக் கூடாது என்று சொன்னால் பிள்ளை கழுத்தை முறித்துக்கொள்வாள். ஆகவே எந்தத் தொடுதல் எதற்கு, எப்போது கை எடுக்கப்பட வேண்டும், எந்த இடத்தில் கைக்கு வேலையே இல்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் பாடம் நடத்தும் தோரணையில் ஆரம்பித்தேன். அவள் எனக்கு நடத்தினாள். எந்த வித்தைக்கு முதுகில் கை, எதற்குத் தொடையில் கை என்று செய்து காட்டினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: “ஸ்ப்ளிட் போடறப்ப சார் தோள்ல உக்காந்து அமுக்குவாரு. வலிச்சா அழக் கூடாதுன்னு ரூல்.”

அம்மா உள்ளே இருந்தால் பிள்ளைகள் அழுவார்கள் என்பதற்கு இதுதான் பொருள்.

பிரிட்டனில் 2022இல் ஆன் வைட் என்ற வழக்கறிஞர் தந்த அறிக்கை அந்த நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்த கொடுமைகளைப் பட்டியலிட்டது. அளவுமீறி உடம்பை அமுக்கி வளைப்பதும், எடையை வைத்து அவமானப்படுத்துவதும் அதில் உண்டு. எங்கள் பயிற்சியாளர் அதைப் படித்திருக்க மாட்டார். அவர் கெட்டவர் என்றும் நான் சொல்லவில்லை. அவரை அப்படித்தான் அமுக்கியிருப்பார்கள்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். செலக்‌ஷன் பேட்ச்சில் பதிமூன்று வயதுக்கு மேல் ஒரு பெண்கூட இல்லை, பையன்கள் இருந்தார்கள். கேட்டால் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: “அது பெரியவளாயிருச்சு மேடம்.” தொடை தெரியும் உடை, ஆண் பயிற்சியாளர், மாதத்தில் மூன்று நாள். என் புளியமரம்தான் இது, முப்பது வருடம் கழித்து. திரிபுராவின் தீபா கர்மாகர் 2016 ரியோவில் வால்ட் பிரிவில் நான்காவதாக வந்தபோது வயது 23. பாதம் தட்டையான பிள்ளை, ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஆகாது என்று கருதப்படும் பாதம். பழைய ஸ்கூட்டர் உதிரிப் பாகங்களில் செய்த மேடையில் பழகியவர். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். பன்னிரண்டில் நின்றிருந்தால் ரியோ இல்லை. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா மகனின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போய் அந்த நாட்டுக்காக ஆடினார். 46 வயதில் டோக்கியோவிலும் ஆடினார்.

நாங்கள் நான்கு அம்மாக்கள் ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சியாளரைப் பார்த்தோம். நான் பேராசிரியர் தொனியில் பேசப்போய்க் கெடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சைக் காப்பாற்றியது பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. “சார், புடிச்சுத் தள்ளாமப் பழக்க வழி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, நாங்க காத்திருக்கோம். மெடல் ஒரு வருசம் தள்ளி வரட்டும்” என்றார். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். மாவட்டப் போட்டி நெருங்குகிறது என்றார். கடைசியில், முறை வைத்து நாளுக்கு ஓர் அம்மா உள்ளே இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். தோளில் உட்காரமாட்டேன் என்றும் சொன்னார். எடை நோட்டு இன்னும் இருக்கிறது.

உடை பற்றியும் கேட்டோம். போட்டியில் முழுக்கால் உடை கூடாது என்று சாதித்தார். 2021இல் ஜெர்மன் பெண்கள் டோக்கியோவில் கணுக்கால் வரை மூடிய உடையில் ஆடிய படத்தைக் கைபேசியில் காட்டினேன், விதி அதை அனுமதிக்கிறது என்று. “பாக்கறேன் மேடம்” என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கிடையே நின்றுபோன பெண்களில் ஒருத்தி கறுப்பு லெக்கிங்ஸோடு திரும்பி வந்துவிட்டாள். அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

என் முறை புதன்கிழமை. போன வாரம் மகள் பீம் மேல் ஏறினாள். பத்து சென்டிமீட்டர் அகலம், எங்கள் கிணற்றுச் சுவரைவிடக் குறுகல். கீழே மெத்தை. பாதி நடந்தவள் நின்று என்னைப் பார்த்தாள். “அம்மா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. நீ பாத்தா எனக்குக் கால் நடுங்குது” என்றாள்.

திரும்பிக்கொண்டேன். கறுப்பு லெக்கிங்ஸ் போட்டவளிடம், “அவ இறங்கினதும் சொல்லு” என்றேன்.