ஸ்கூபா டைவிங் போறீங்களா? கீழே இறங்குறதைவிட மேலே ஏறுறதுலதான் ஆபத்து அதிகம்... ஏன் தெரியுமா?

அந்தமானுக்கு 5 நாள் டூர். கடைசி நாள் காலையில் ஸ்கூபா டைவிங், அன்னைக்கு சாயங்காலமே சென்னைக்கு விமானம். பார்க்க நல்ல பிளான்தான். ஒரு நாளும் வீணாகாது. ஆனால் டைவிங் தெரிஞ்ச யாரிடம் இதைக் காட்டினாலும், முதலில் மாற்றச் சொல்வது அந்தக் கடைசி நாளைத்தான்.

ஸ்கூபா என்றதும் பலருக்கும் சுறா மீன்தான் ஞாபகத்துக்கு வரும். உண்மையில் டைவர்கள் அதிகம் கவலைப்படுவது சுறாவைப் பற்றி இல்லை. காற்று, அழுத்தம், நேரம் இந்த மூன்றைப் பற்றித்தான். அதிலும், கீழே போவதைவிட மேலே திரும்பி வருவதில்தான் கவனம் அதிகம் தேவை. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்கூபா என்றால் என்ன?

'செல்ஃப் கன்டெயின்ட் அண்டர்வாட்டர் பிரீதிங் அப்பரேட்டஸ்' என்பதன் சுருக்கம்தான் ஸ்கூபா. அதாவது, தண்ணீருக்கு அடியில் மூச்சு விடத் தேவையான காற்றை நாமே சுமந்து செல்லும் கருவி. பிரான்ஸைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும், பொறியாளர் எமில் கான்யானும் 1943-ல் உருவாக்கிய 'அக்வா லங்' கருவிதான் இன்றைய ஸ்கூபாவுக்கு அடிப்படை. நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்குத் தேவையான அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும் 'ரெகுலேட்டர்' தான் இதன் உயிர்நாடி.

முதுகில் மாட்டுவது ஆக்ஸிஜன் சிலிண்டரா?

இல்லை. செய்திகளில்கூட அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் வழக்கமான ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது நாம் தினமும் சுவாசிக்கும் அதே காற்றுதான். சுமார் 21% ஆக்ஸிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதை அழுத்தி அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். சுத்தமான ஆக்ஸிஜனை சுவாசித்துக்கொண்டு சுமார் 6 மீட்டரைத் தாண்டினால் அதுவே உடலுக்கு விஷமாகி, வலிப்பு வரும் அபாயம் உண்டு.

ஆழத்துக்குப் போகப் போக என்ன நடக்கும்?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், தரையில் நம் மேல் இருக்கும் காற்றழுத்தம் அளவுக்கு இன்னொரு மடங்கு சேர்ந்துகொண்டே போகும். மேலே 1 மடங்கு என்றால் 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4 மடங்கு.

இதனால் காற்றும் சீக்கிரம் தீரும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,400 லிட்டர் காற்று இருக்கும். ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரையில் அது 2 மணி நேரம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் 40 நிமிடம்தான். பதற்றப்பட்டு வேகமாக மூச்சு வாங்கினால் இன்னும் குறையும். கடைசி 50 பார் அளவை அவசரத்துக்கென்று மிச்சம் வைத்துக்கொண்டுதான் மேலே வர வேண்டும். அதனால்தான் டைவர்கள் அடிக்கடி மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

முத்துக்குளிப்புக்கும் ஸ்கூபாவுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த ஒரு விஷயம் புரிந்தால் ஸ்கூபாவில் பாதி புரிந்த மாதிரி.

தூத்துக்குடி கடலில் முத்துக்குளித்தவர்கள் மேலே காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கல்லின் எடையோடு கீழே இறங்கினார்கள். இறங்கும்போது அழுத்தத்தால் நுரையீரலில் உள்ள காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். இழுத்த அளவைத் தாண்டி விரியாது.

ஸ்கூபாவில் கதையே வேற. 10 மீட்டர் ஆழத்தில் நீங்கள் சுவாசிப்பது இரண்டு மடங்கு அழுத்தம் உள்ள காற்று. அங்கே நுரையீரல் நிறைய 5 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். அவ்வளவுக்கு நுரையீரலில் இடம் ஏது? திசு கிழியலாம், காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். நொடிகளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அதனால்தான் உலகம் முழுக்க ஸ்கூபா வகுப்பின் முதல் பாடம் ஒன்றுதான்: எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதீங்க, தொடர்ந்து சுவாசிச்சுக்கிட்டே இருங்க.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: காற்று இரண்டு மடங்காக விரிவது 10 மீட்டருக்கும் மேற்பரப்புக்கும் நடுவில்தான். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது ஏற்படும் மாற்றம் அதைவிடக் குறைவு. அதாவது, 'மேலே வந்துட்டோம்' என்று நினைக்கும் அந்தக் கடைசிப் பகுதிதான் மிகவும் நிதானம் தேவைப்படும் இடம்.

சோடா பாட்டில் மாதிரி ஆகும் ரத்தம்

இரண்டாவது ஆபத்து நைட்ரஜன். அழுத்தம் அதிகமாக இருக்கும் இடத்தில் சுவாசிக்கும்போது, நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். வேகமாக வந்தால்? சோடா பாட்டில் மூடியைத் திடீரென்று திறந்தால் குமிழிகள் பொங்குமே, அதுதான் உடலுக்குள்ளும் நடக்கும்.

இதற்கு 'டிகம்ப்ரஷன் சிக்னஸ்' என்று பெயர். மூட்டு வலி, உடல் சோர்வு, தோலில் தடிப்பு, கை கால் மரத்துப்போவது, தலைசுற்றல் போன்றவை அறிகுறிகள். கடுமையானால் பக்கவாதம்கூட வரலாம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்து, அழுத்தத்தை மீண்டும் கூட்டி மெதுவாகக் குறைக்கும் 'ரீகம்ப்ரஷன் சேம்பர்' உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் சிகிச்சை.

மேலே ஏறுவதற்கு முறையான அட்டவணையை முதலில் தந்தவர் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை வைத்து சோதனை செய்து 1908-ல் அதை வெளியிட்டார். இன்று அந்தக் கணக்கை கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறுவது, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டு வெளியே வருவது என்பதுதான் இப்போது பரவலாகப் பின்பற்றப்படும் முறை.

டைவிங் முடிந்ததும் விமானம் ஏறலாமா?

கூடாது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. கிட்டத்தட்ட 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் நிற்பது மாதிரி. உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாக மாற வாய்ப்பு அதிகம்.

டைவிங் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி இது:

- ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம்.
- ஒரே நாளில் பல முறை, அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம்.
- வழியில் கட்டாயமாக நின்று நின்று ஏற வேண்டிய ஆழமான டைவ் என்றால் அதற்கும் மேல்.

கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் 24 மணி நேரம் விட்டுவிடுங்க. மலைப்பாதைக்கும் இதே கவனம் தேவை. கர்நாடகாவில் முருதேஸ்வர் அருகே நேத்ராணி தீவில் டைவ் செய்துவிட்டு, உடனே காரில் மலையேறி பெங்களூரு திரும்புவதாக இருந்தால், அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதை மறக்காதீங்க.

யார் எவ்வளவு ஆழம் போகலாம்?

டூர்களில் கிடைப்பது பெரும்பாலும் 'ட்ரை டைவ்'. பயிற்சியாளர் கூடவே இருந்து அழைத்துப் போவார். வழக்கமாக 12 மீட்டர்தான் உச்சவரம்பு. இதற்கு நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள்.

'ஓபன் வாட்டர்' சான்றிதழ் படிப்பு 3, 4 நாள் நடக்கும். இதற்கு 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். முடித்தவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். அதற்கு அடுத்த நிலையான 'அட்வான்ஸ்டு' முடித்தால் 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். சுமார் 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் போதை மாதிரி தலைக்கு ஏறும். என்ன செய்கிறோம் என்பதே சரியாகத் தெரியாமல் போகலாம்.

உலகின் பிரபல டைவிங் இடங்களும், அவை கேட்கும் தகுதியும்

சில்ஃப்ரா, ஐஸ்லாந்து: வட அமெரிக்க, யுரேசிய நிலத்தட்டுகள் விலகும் இடத்தில் உள்ள பிளவு. பனிப்பாறை உருகிய நீர் எரிமலைப் பாறை வழியாக வடிகட்டி வருவதால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி குளிர். உடல் நனையாத 'ட்ரை சூட்' அணிந்து டைவ் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

கிரேட் புளூ ஹோல், பெலிஸ்: 300 மீட்டர் அகலம், சுமார் 125 மீட்டர் ஆழம் கொண்ட வட்டக் குழி. பனி யுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது இது குகையாக இருந்தது. அதன் சுண்ணாம்புத் தொங்கல்களைப் பார்க்க 40 மீட்டர் வரை போக வேண்டும். அங்கே சில நிமிடங்கள்தான் இருக்க முடியும்.

தஹாப் புளூ ஹோல், எகிப்து: கரையிலிருந்தே இறங்கலாம் என்பதால் எளிதாகத் தெரியும். ஆனால் சுமார் 55 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு வளைவைக் கடக்க ஆசைப்பட்டு பலர் உயிரிழந்திருக்கிறார்கள். கரையோரப் பாறையில் அவர்களின் நினைவுப் பலகைகளை இன்றும் பார்க்கலாம்.

சூக் லகூன், மைக்ரோனேசியா: 1944 பிப்ரவரியில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் கிடக்கும் இடம். சில கப்பல்கள் சாதாரண டைவர்கள் போகும் ஆழத்தில் உள்ளன, சில அதையும் தாண்டி.

மட்டக்களப்பு, இலங்கை: 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டன் விமானம் தாங்கிக் கப்பல் இங்கேதான் கிடக்கிறது. ஆழம் 50 மீட்டருக்கும் மேல். அதாவது பொழுதுபோக்கு எல்லைக்கு வெளியே. டெக்னிக்கல் டைவிங் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்தமானின் சுவராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக், இலங்கையின் புறாத் தீவு, மாலத்தீவு போன்ற இடங்களில் ஆழம் குறைந்த பவளப்பாறைப் பகுதிகளே போதும். வண்ண மீன்களையும் பவளப்பாறைகளையும் பார்க்க 12 மீட்டரே தாராளம்.

குகை டைவிங் ஏன் தனி ரகம்?

திறந்த கடலில் பிரச்னை என்றால் மேலே வர வழி இருக்கு. குகையில் தலைக்கு மேல் பாறை. 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியபோது, உள்ளே காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் உயிரிழந்தார். சிறுவர்கள் தண்ணீருக்குள் பதறிவிடக் கூடாது என்பதற்காக மயக்க மருந்து கொடுத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இதற்கென்று தனிப் பயிற்சி இல்லாதவர்கள் குகைக்குள் நுழையவே கூடாது.

படகில் நடந்த தவறுகள்

ஆபத்து தண்ணீருக்குள் மட்டும் இல்லை. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டைவ் செய்த அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. தலைகளைச் சரியாக எண்ணவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் விஷயமே தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை.

2019 செப்டம்பரில் கலிபோர்னியா அருகே 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகில் இரவில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தனர். இரவில் ரோந்து பார்க்க யாரையும் நியமிக்காதது விசாரணையில் தெரியவந்தது.

யார் டாக்டரிடம் கேட்காமல் போகக் கூடாது?

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, நுரையீரல் பாதிப்பு, காது அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டர் அனுமதி அவசியம். கர்ப்பிணிகள் டைவ் செய்யக் கூடாது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், காது ஜவ்வு கிழிய வாய்ப்பு உண்டு. மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

டைவிங்குக்கு முன் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கொடுத்துவிடாதீங்க. கட்டின பணம் போயிடுமே என்று மறைக்கும் ஒரு பதில், 10 மீட்டர் ஆழத்தில் உங்களுக்குத்தான் ஆபத்து.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. பயிற்சியாளரின் சான்றிதழ் எண் என்ன? வழங்கிய அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாமா?
2. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்?
3. எவ்வளவு ஆழம் கூட்டிட்டுப் போவீங்க?
4. படகில் அவசர ஆக்ஸிஜன் இருக்கா?
5. ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்களை எண்ணுவது யார்?
6. அருகில் ரீகம்ப்ரஷன் சேம்பர் எங்கே இருக்கு?
7. என் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேருமா? (இதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்க. பல பாலிசிகளில் சாகச விளையாட்டு சேராது.)

இவற்றுக்குத் தெளிவான பதில் வராமல், 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நாங்க பார்த்துக்குறோம்' என்று மட்டும் சொன்னால், வேறு இடம் பாருங்க.

அப்போ டூர் பிளானை எப்படிப் போடுவது?

டைவிங்கை முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குள் முடிச்சுக்கோங்க. விமானத்துக்கு முந்தைய கடைசி நாளைக் கரையில் கழிக்க வைங்க. அந்தமான் என்றால் போர்ட் பிளேயர், இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில் செல்லுலார் ஜெயிலைப் பார்க்கவே அரை நாள் ஆகும். வீடு திரும்பிய பிறகு மூட்டு வலி, மரத்துப்போவது போன்ற ஏதாவது தெரிந்தால், அலைச்சல் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க. டாக்டரிடம் முதல் வரியாகவே சொல்லுங்க: "நான் ஸ்கூபா டைவிங் போயிட்டு வந்தேன்."