கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது கல்யாணம் செய்தால் என்ன ஆகும்?

உங்கள் அம்மா நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போய் கிரீன் கார்டு வாங்கியவர். 26 வயதான நீங்கள் காரோட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்களுக்காகப் போட்ட ஐ-130 மனு எஃப்2பி பிரிவில் வரும். அது கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு மட்டும். அம்மா குடியுரிமை பெறும் முன் நீங்கள் கல்யாணம் செய்தால் மனு தானாகவே ரத்து. காத்திருந்த வருஷங்களும் போச்சு. பிறகு விவாகரத்து ஆனாலும் அந்த மனு திரும்ப வராது.

அம்மா முதலில் குடியுரிமை வாங்கிவிட்டால் கதையே வேறு. மனு எஃப்1-க்கு மாறும். அப்புறம் கல்யாணம் நடந்தால் எஃப்3. முன்னுரிமைத் தேதி அப்படியே இருக்கும், கணவரோ மனைவியோ கூடவே வரலாம். ஆனால் எஃப்3 வரிசை இன்னும் பல வருஷம் நீளம்.

'கோயில்ல கட்டிக்கலாம், ரெஜிஸ்டர் அப்புறம் பண்ணலாம்' என்ற யோசனை (எல்லா வீட்டிலும் ஒரு மாமா இதைச் சொல்வார்) இங்கே எடுபடாது. கேரளத்தின் 2008 விதிகள்படி எந்த மதத் திருமணத்தையும் 45 நாளுக்குள் பதிய வேண்டும். எல்லை தாண்டி களியக்காவிளையில் நடந்தால் தமிழ்நாட்டின் 2009 சட்டம். பதியாமல் விட்டாலும், இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி கல்யாணம் கல்யாணம்தான். விசா நேர்காணலில் அதை மறைத்தால் நிரந்தரத் தடைவரை போகலாம்.

நிச்சயதார்த்தம் கணக்கில் வராது. விசா கைக்கு வந்தபின், விமானம் ஏறும் முன் கல்யாணம் முடித்தால் அந்த விசா செல்லாது.