பால் திரிஞ்சாலும் பிரசாதம்: ரசகுல்லாவின் கதையும் நம்ம வீட்டு அடுப்பும்



அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற நேரத்துல அக்காமார்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "கடையில சாப்பிடுற ரசகுல்லா மாதிரி வீட்டுல மெத்துன்னு வருமா தம்பி?" வரும். ஆனா அதோட வரலாற்றை முதல்ல தெரிஞ்சுக்கிட்டா, ஏன் அப்படிச் செய்யணும்னு தானா புரிஞ்சிடும். கோயிலோடு சம்பந்தப்பட்ட வரலாறும்கூட. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் ரத யாத்திரை எல்லாருக்கும் தெரியும். சுவாமி, அண்ணன் பலபத்திரரையும் தங்கை சுபத்திரையையும் கூட்டிக்கிட்டுத் தேரில் குண்டிச்சா கோயிலுக்குப் போறார். மகாலட்சுமித் தாயாரை அழைச்சுக்கிட்டுப் போகலை. திரும்பி வரும்போது தாயார் கோபத்தில் கதவைச் சாத்திடறாங்க. சுவாமி ரசகோலா கொடுத்துச் சமாதானம் செஞ்ச பிறகுதான் உள்ளே போக முடியுதுன்னு ஐதீகம். அந்த நாளுக்கு நீலாத்ரி பிஜே என்று பெயர். 2015 முதல் ஒடிசா மக்கள் அதை ரசகோலா தினமாகவும் கொண்டாடுறாங்க. கட்டாக்குக்கும் புவனேஸ்வருக்கும் நடுவில் உள்ள பஹாலா கிராமத்தில், சாலையோரம் முழுக்க ரசகோலா கடைகள்தான்.

வங்காளத்துக்காரர்கள் வேற கதை சொல்றாங்க. கொல்கத்தா பாக்பஜாரில் இனிப்புக் கடை வைத்திருந்தவர் நொபின் சந்திர தாஸ். பாலைத் திரித்து வடிகட்டி எடுக்கும் 'சேனா'வில் சந்தேஷ் போன்ற இனிப்புகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஆனா சேனாவை உருட்டிக் கொதிக்கிற பாகில் போட்டா உடைஞ்சிடும். அந்தச் சிக்கலைத் தீர்த்து, 1868இல் பஞ்சு மாதிரியான வெள்ளை ரசகுல்லாவை அவர் உருவாக்கினார் என்பது அவங்க வரலாறு. செய்முறையைப் பூட்டி வைக்காமல் மற்றவர்களுக்கும் அவர் சொல்லிக் கொடுத்தார்னு சொல்லுவாங்க. அவருடைய மகன் கிருஷ்ண சந்திர தாஸ் 1930இல் ரசகுல்லாவை டின்னில் அடைத்து விற்கத் தொடங்கினார். நம்ம ஊர் கடைகளில் இன்னிக்கு அலமாரியில் இருக்கிற ரசகுல்லா டின்னுக்கு அதுதான் முன்னோடி.

யாருக்குச் சொந்தம்னு இரண்டு மாநிலத்துக்கும் பெரிய வழக்காடலே நடந்தது. புவிசார் குறியீடு கொடுக்கிற அலுவலகம் இருப்பது சென்னையில். 2017 நவம்பரில் 'பாங்க்ளார் ரசகொல்லா'வுக்கும், 2019 ஜூலையில் 'ஒடிசா ரசகோலா'வுக்கும் தனித்தனியா குறியீடு கிடைச்சுது. அதாவது, இருவருக்கும் அவரவர் வகை. பெயருக்குத்தான் சட்டம், நம்ம வீட்டு அடுப்புக்கு இல்லை.

இப்போ செய்முறைக்கு வருவோம்.

கொழுப்பு எடுக்காத பசும்பால் ஒரு லிட்டர். பெட்டியில் வரும் நீண்டநாள் கெடாத பால் சரியாத் திரியாது, குளிர்பெட்டியில் வைத்து விற்கிற பாலை வாங்குங்க. கொதித்ததும் அடுப்பை அணைச்சு, இரண்டு நிமிடம் கழிச்சு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. தண்ணி தெளிஞ்சு லேசான பச்சை நிறம் வந்ததும் நிறுத்திடணும். மெல்லிய துணியில் வடிகட்டி, புளிப்பு போகக் குளிர்ந்த தண்ணியில் அலசி, அரைமணி நேரம் தொங்க விடுங்க. ஈரப்பதம் இருக்கணும், ஆனா சொட்டக் கூடாது.

அடுத்ததுதான் கடை ருசியின் ரகசியம். உள்ளங்கை அடிப்பகுதியால் எட்டு, பத்து நிமிடம் தேய்த்துப் பிசையணும். சொரசொரப்பு போய், மாவு மாதிரி வழவழப்பா வரும். இதில் அவசரப்பட்டா உருண்டை பாகில் உடையும். நெல்லிக்காய் அளவில், வெடிப்பு இல்லாம உருட்டுங்க. ஒன்றரைக் கப் சீனிக்கு ஐந்து கப் தண்ணீர்; நல்லாக் கொதிக்கும்போது போட்டு, மூடி வைத்துப் பதினைந்து நிமிடம் வேக விடுங்க. பாகு நீர்க்க இருக்கிறதால சூட்டில் உருண்டை உப்பிப் பாகை உறிஞ்சும். கெட்டிப் பாகு உருண்டையில் இருக்கிற தண்ணியை இழுத்து இறுக வைச்சிடும். உருண்டை இரண்டு மடங்கு பெருக்கும், அதனால அகலமான பாத்திரம் வேணும். வடிச்ச தண்ணியையும் கீழே ஊத்தாதீங்க, சப்பாத்தி மாவு பிசைய அருமையா இருக்கும்.

இன்னொரு விஷயம். நம்ம வீடுகளில் பால் திரிஞ்சா அபசகுனம்னு முகம் சுளிப்போம், சாமிக்கு வைக்கத் தயங்குவோம். ஆனா பூரியில் தாயாரின் கோபத்தைத் தணிக்கிறதே திரிஞ்ச பாலில் செய்த இனிப்புதான். ஒரு தலத்தில் விலக்கியது இன்னொரு தலத்தில் பிரசாதம். அதனால யார் வழக்கத்தையும் குறைவாப் பேச வேண்டாம். நம்ம கோயிலில் படைக்க நினைக்கிறவங்க குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க. தீபாவளிக்கு வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கத் தயக்கமே வேண்டாம்.

நொபின் சந்திர தாஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி, உங்களுக்கு நல்லா வந்தா பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுங்க. இனிப்பும் வித்தையும் பகிர்ந்தாதான் பெருகும்.

எல்லாம் இறைவன் செயல். வாழ்க வளமுடன் 🙏