பிள்ளை ஒன்றுக்குப் பல் ஒன்றா?

பிள்ளை ஒன்று பிறந்தால் தாய்க்குப் பல் ஒன்று போகும் என்பது ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலம் வழங்கி வந்த நம்பிக்கை. கருவிலிருக்கும் சிசு, தன் எலும்புகளுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தாயின் பற்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று இதற்குக் காரணமும் கூறினர். தாய்மைக்குக் கொடுக்கவேண்டிய விலை என்று கருதிவிட்டால், அந்நோய்க்கு மருத்துவம் தேடுவார் யார்?

இந்நம்பிக்கையின் வேரை அறுத்த ஆய்வு 1890-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெர்லின் நகரில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன என்றும், அந்த அமிலமே பல்லை அரிக்கிறது என்றும் விளக்கினார். அதாவது, சொத்தை வெளியிலிருந்து வருவது. சிசு உண்டாக்குவது அன்று. முளைத்த பல்லின் எனாமலில் இரத்தக் குழாய்களோ உயிரணுக்களோ இல்லை. அதிலுள்ள சுண்ணாம்பைச் சிசு பெற வழியே இல்லை. தாய் உண்ணும் உணவும், அது போதாதபோது அவளது எலும்புகளுமே அச்சத்தை அளிக்கின்றன.

அப்படியானால் கர்ப்பிணிகளுக்குப் பல் தொல்லை மிகுவது ஏன்? ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசிகிறது. மசக்கை வாந்தியில் வரும் இரைப்பை அமிலம் பல்லை அரிக்கிறது. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காமல், நீரால் வாயைக் கொப்பளித்து, சற்று நேரம் கழித்துத் துலக்குவதே நன்று.

பழைய நம்பிக்கை மறைந்தபின்னும் வேறோர் அச்சம் நின்றது: பல் மருத்துவம் சிசுவைப் பாதிக்குமோ? அமெரிக்காவில் ஈறு நோய் கொண்ட 823 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. ஈறு மருத்துவத்தால் குறைப்பிரசவம் குறையவில்லை. ஆனால் தாய்க்கோ சிசுவுக்கோ தீங்கும் நேரவில்லை.

இனி ஞானப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் இப்பல், இடம் போதாமல் பாதி புதைந்து நிற்பதுண்டு. அதன்மேல் மூடிய ஈற்றின் அடியில் உணவுத் துணுக்கும் நுண்ணுயிரும் தங்கிச் சீழ் பிடிக்கலாம். நோயற்ற ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்க வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை 2000-இல் கூறியது. ஆனால் அடிக்கடி வீங்கி வலிக்கும் பல்லைக் கருத்தரிக்குமுன் எடுத்துவிடுவதே எளிது. கர்ப்ப காலத்தில் சில மருந்துகள் ஆகா.

ஆகவே, குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே பற்களைச் சோதித்துக்கொள்க. கருவுற்றபின் வலி வந்தாலும் பொறுத்திருக்க வேண்டியதில்லை. கருவுற்றிருப்பதைப் பல் மருத்துவரிடம் கூறி மருத்துவம் பெறலாம். பிள்ளைக்காகத் தாய் பல்லை இழக்கவேண்டியதில்லை.