எலும்பை உரசிப் போன பாதை

ஜொகூர் பாருவில் இன்று ஒரு பெரியவருக்குப் புரோஸ்டேட் வீக்கத்துக்கு அறுவை என்றால், பெரும்பாலும் வயிற்றில் கத்தி படுவதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். இது வழக்கமாவதற்கு முன் மருத்துவர்கள் நாடிய வழிகளில் முக்கியமான இரண்டு, பூப்பெலும்பை ஒட்டிச் சென்றவை. அடிவயிற்றின் கீழ்க்கோடியில் கைவைத்தால் தட்டுப்படும் எலும்பு அது. இரண்டு பாதிகள், நடுவே குருத்தெலும்பு.

முதல் வழியைப் பிரபலமாக்கியவரின் கை பழகியது இந்தியாவில். அயர்லாந்துக்காரரான பீட்டர் ஃப்ரேயர் 1875இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வட இந்தியாவில் சிறுநீர்ப்பைக் கல் உடைப்பதில் பேர் வாங்கினார். ராம்பூர் நவாபிடம் ஒரு லட்சம் ரூபாய் கட்டணம் பெற்றவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஓய்வுபெற்று லண்டன் திரும்பியவர், 1900 டிசம்பர் 1ஆம் தேதி 69 வயது நோயாளி ஒருவரின் அடிவயிற்றை எலும்புக்கு மேலே திறந்து, சிறுநீர்ப்பைக்குள் விரல் விட்டுச் சுரப்பியைப் பெயர்த்து எடுத்தார். நியூயார்க்கின் யூஜின் ஃபுல்லர் அதற்கு முன்பே இப்படிச் செய்திருந்தார். ஃப்ரேயரோ முறை தன்னுடையது என்றே சாதித்தார்.

1924இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் பியர் ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தார். எலும்புக்கு மேலே திறந்து செய்த அறுவைகளுக்குப் பின், புண் ஆறிவந்த சிலருக்குப் பூப்பெலும்பும் அதன் மேலுறையும் அழற்சி கண்டிருந்தன.

அடுத்தவரும் அயர்லாந்துக்காரர்தான்: டெரன்ஸ் மில்லின். சிறுநீர்ப்பையைத் திறக்காமலே, பூப்பெலும்புக்குப் பின்னுள்ள இடுக்கில் புகுந்து சுரப்பியை எடுக்கலாம் என்று 20 நோயாளிகளின் விவரத்தோடு ‘லான்செட்’ இதழில் எழுதினார். அந்த இதழின் தேதி 1945 டிசம்பர் 1; ஃப்ரேயரின் அறுவைக்குச் சரியாக 45 ஆண்டுகள் கழித்து. ரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்தே கட்டுப்படுத்த முடிந்ததால் முறை வேகமாகப் பரவியது. கூடவே எலும்பு வலியும் அடிக்கடி காதில் விழத் தொடங்கியது.

அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் தொல்லை தலைகாட்டும். தொடையின் உள்பக்கத் தசைகள் இறுகி, கால்களைச் சேர்க்கவும் அகற்றவும் முடியாமல், நோயாளி வாத்து போல அசைந்து நடப்பார். இருமினால் வலியில் உயிர் போகும். அப்போது எடுக்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பிறகுதான் எலும்பின் விளிம்பு அரித்து, நடு இடைவெளி அகன்று காட்டும். கிருமியா, எலும்புறை காயப்பட்டதா, ரத்த ஓட்டம் கெட்டதா என்று மருத்துவர்கள் நெடுநாள் மோதிக்கொண்டார்கள். 1949இல் வந்த மார்ஷல், மார்கெட்டி, கிராண்ட்ஸ் முறையில், சிறுநீர் கசியும் பெண்களுக்குப் பூப்பெலும்பின் உறையிலேயே தையல் போட்டார்கள். அவர்களிலும் சிலருக்கு இதே வலி வந்தது. எலும்புறைக் காயத்தைச் சந்தேகித்தவர்களுக்கு அது வலுவான சான்று.

சிறுநீர்வழி அறுவை வழக்கமானபின் இந்த எலும்புத் தொல்லை அரிதாகிவிட்டது, ஒழிந்துவிடவில்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பின்னாளில் உள்ளே சுரண்டும்போது, சிறுநீர் எலும்பு மூட்டுவரை கசிந்து சீழ் பிடிப்பதுண்டு. வெறும் அழற்சி ஓய்விலும் வலி மருந்திலும் மாதக்கணக்கில் அடங்கும். சீழுக்குக் கிருமியைக் கண்டறிந்து நீண்ட மருந்து வேண்டும், சில வேளை எலும்பையே அகற்றவும் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து.

ஜொகூர் மருத்துவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1912இல் ரங்கூனிலிருந்து விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் உலகுக்கு அறிவித்த மெலியாய்டோசிஸ் என்ற நோய், இந்த வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது. நீரிழிவுக்காரர்களை எளிதில் பிடிக்கும். புரோஸ்டேட்டில் சீழ் கட்டும், எலும்பையும் தாக்கும்.

ஆகவே, புரோஸ்டேட் சிகிச்சை முடிந்து வாரங்கள் கழித்து இடுப்பின் முன்பக்கம் வலித்து நடை மாறினால், ‘வயசாயிடுச்சு, வாயு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பழைய அறுவைச் சீட்டுகளோடு மருத்துவமனைக்குப் போங்கள். கதிர்வீச்சு பெற்றிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.