தவளையிடம் கேட்கப்பட்ட கேள்வி



அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தி முடித்த களைப்பில், பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றின் பதிவைக் கண்டேன். 1990ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஒளியேறிய அர்செனியோ ஹால் நிகழ்ச்சி அது. விருந்தினராக வந்தவர் பாவைக் கலைஞர் ஜிம் ஹென்சன். அவருடைய கையில் வீற்றிருந்த மற்றொரு விருந்தினர், கெர்மிட் என்னும் பச்சைத் தவளை.

சிறு வயது முதலே நான் கெர்மிட்டின் ரசிகை. நாற்பதைக் கடந்த பின்னும், அந்தத் தவளை நேர்காணலில் வாய் திறந்ததும் சிறுமியைப் போலக் கைதட்டி மகிழ்ந்தேன். மகிழ்ச்சி சற்றே அடங்கியபோது ஒரு வினா எழுந்தது. ஹென்சன் மறைவில் ஒளிந்திருக்கவில்லை. அவருடைய உதடுகள் அசைவது நன்றாகவே தெரிகிறது. அப்படியிருந்தும் பேசுவது தவளைதான் என்று நம் மனம் எப்படி ஏற்கிறது?

விடை காண வேண்டுமானால் கெர்மிட்டின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். 1955இல் வாசிங்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் ‘சேமும் நண்பர்களும்’ என்ற ஐந்து நிமிட நிகழ்ச்சி தொடங்கியது. அப்போது ஹென்சனுக்கு வயது 18. தம் தாயார் அணிந்து பழசாகிப்போன ஒரு மேலங்கியை வெட்டி உடல் தைத்தார். மேசைப்பந்து ஒன்றை இரண்டாக அறுத்துக் கண்கள் பொருத்தினார். இவ்வளவுதான் கெர்மிட்டின் பிறப்பு. தொடக்கத்தில் அது தவளையாகவும் இருக்கவில்லை. பல்லியைப் போன்ற ஏதோ ஓர் உயிராக இருந்தது. தவளை உருவம் பின்னாளில் வந்து சேர்ந்தது.

1969 நவம்பரில் ‘செசமி ஸ்திரீட்’ தொடங்கியபோது கெர்மிட் குழந்தைகளின் தோழனானது. 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட ‘தி மப்பெட் ஷோ’வில், 120 பகுதிகளிலும் மேடைப் பொறுப்பாளராக நின்று, புகழ்பெற்ற மனிதர்களையெல்லாம் வரவேற்று உரையாடியது. அந்நிகழ்ச்சி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பானது. 1979இல் ஜானி கார்சனின் புகழ்பெற்ற ‘டுநைட் ஷோ’வில் ஓரிரவு கெர்மிட்டே நெறியாளராக அமர்ந்தது! 2002இல் அதன் தோழனான எல்மோ, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, பள்ளிகளில் இசைக்கல்விக்கு நிதி வேண்டுமென்று சாட்சியம் அளித்தது. நாட்டை ஆளும் பெரியவர்களே ஒரு சிவப்புப் பாவையின் சொல்லுக்குச் செவிசாய்த்தனர்.

இதனை மேலை நாட்டார் கண்டுபிடித்த விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டா. நம் தெருக்கூத்தில், திரைக்குப் பின்னால் நிற்கும் பாத்திரத்தைப் பார்த்து, “நீர் யார்? எந்த நாட்டவர்?” என்னும் பாங்கில் கேள்விகளைத் தொடுப்பவன் கட்டியக்காரன். அரசனே ஆனாலும் அவனுக்கு விடை சொல்லித்தான் அவைக்குள் வரவேண்டும். இதுவும் நேர்காணல் அன்றோ?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடுமி, உளுவத்தலையன் என்று இரு கோமாளிப் பாவைகள் உண்டு. இராமாயணக் கதையின் இடையிடையே இவ்விருவரும் தோன்றி, ஊர் நடப்பை ஊர்ப் பேச்சிலேயே பேசிச் சிரிக்க வைப்பார்கள். திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒரே கலைஞர், ஒரு கையில் கேள்வியையும் மறு கையில் பதிலையும் ஏந்தி, இருவருக்கும் குரல் கொடுக்கிறார். இராமனைக் கண்டு வணங்குகின்ற மக்கள், இவர்களைக் கண்டு உறவினரைக் கண்டதுபோல் மகிழ்கிறார்கள்.

நம் மலேசிய மண்ணிலும் இதன் உடன்பிறப்பு உண்டு. கிளந்தான் வாயாங் கூலிட்டில் இராமகதையே ‘ஹிகாயத் ஸ்ரீ ராமா’வாக நடக்கிறது. அதில் வரும் பாக் டோகோலும் வாக் லோங்கும் கிளந்தான் வட்டார மொழியிலேயே பேசும் பணியாளர்கள், கோமாளிகள். ஆயினும் பாக் டோகோல், பணியாளன் வடிவில் வந்த தெய்வம் என்பது கூத்து மரபின் நம்பிக்கை. எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் தருபவர் ‘டாலாங்’ எனப்படும் ஒரே கலைஞர். இராமனைப் போல நமக்குப் பேச வராது. ஆனால் இந்தக் கோமாளிகளைப் போலப் பேச வரும். அதனால்தான் பாவைகளுள் கோமாளிப் பாவைகள் நமக்கு மிக நெருங்கியவை என்று கருதுகிறேன்.

இனி என் வினாவிற்கு வருகிறேன். பாவையை இயக்குபவரின் திறமை பெரிது என்பதில் ஐயமில்லை. ஹென்சன் வலக்கையைத் தவளையின் தலைக்குள் நுழைத்து, ஒவ்வோர் அசைக்கும் வாய் திறக்கச் செய்தார். இடக்கையால் மெல்லிய கம்பிகளைப் பிடித்து அதன் கைகளை அசைத்தார். ஆயினும் அது பாதி வேலைதான். மீதிப் பாதி, எதிரே அமர்ந்து கேள்வி கேட்பவரின் கண்களில் இருக்கிறது. அவர் மனிதரை விட்டுவிட்டுப் பாவையின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் கணத்திலேயே அதற்கு உயிர் வந்துவிடுகிறது. மரியாதையோடு கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் பாவை பதில் சொல்லும்.

இந்த உண்மையை அறியாமல் நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், பட்டர்வொர்த்தில் என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வீட்டில் நன்றாகப் பேசுவாள் என்று அவளுடைய தாயார் சொல்வார்; வகுப்பிலோ ஒரு சொல்லும் வராது. ஆசிரியர் பயிற்சியின்போது, பாவையும் ஒரு பயிற்றுத் துணைப்பொருள் என்று படித்தது நினைவுக்கு வந்தது. பழைய காலுறை ஒன்றில் இரண்டு பொத்தான்களைத் தைத்துச் ‘சொக்கன்’ என்று பெயரிட்டேன். சொக்கனை மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். மூன்றாம் நாள் அச்சிறுமி தானாகவே அதனைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

“சொக்கா, இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டேன்.

“இட்லி” என்றான் சொக்கன். “ரெண்டு.”

அந்தச் சொல்லுக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். மகிழ்ச்சி தாங்காமல் சொக்கனை மறந்து சிறுமியின் முகத்தைப் பார்த்து, “பார்த்தாயா, உனக்குத்தான் நன்றாகப் பேச வருகிறதே!” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அவள் காலுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதன்பின் பல வாரங்கள் சொக்கனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அவள் கட்டியிருந்த சிறு திரையை நான் பாராட்டு என்ற பெயரில் கிழித்துவிட்டேன்.

மீண்டும் தொடங்கியபோது என் கண்களைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். சொக்கனிடமே கேட்டேன், சொக்கனையே பாராட்டினேன், சொக்கனுக்கே நன்றி சொன்னேன். ஆண்டின் இறுதியில் ஒரு நாள், சொக்கன் அலமாரியில் இருக்க, அவள் வெறுங்கையை உயர்த்தி, “டீச்சர், நான் சொல்றேன்” என்றாள். அப்போதும் நான் வியப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டிற்குத் திரும்பும் வழியில்தான் கண் கலங்கியது.

அந்த நேர்காணல் பதிவை நான் இருமுறை பார்த்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது ஒளியேறிய பன்னிரண்டாம் நாள், 1990 மே 16 அன்று, ஹென்சன் நோய்த் தொற்றினால் நியூயார்க்கில் காலமானார். அவருக்கு வயது 53. கெர்மிட்டின் குரலும் அதோடு நின்றுவிடும் என்று அஞ்சியோர் பலர். ஆனால் ஸ்டீவ் விட்மையர் என்ற கலைஞர் அந்தத் தவளைக்குள் தம் கையை நுழைத்தார். 2017இல் மேட் வோகல் அப்பொறுப்பை ஏற்றார். கை மாறியது, பாவை பேசிக்கொண்டே இருக்கிறது. அதனிடம் கேள்வி கேட்கும் மனிதர்கள் இருப்பதால் பேசுகிறது. நம் தோற்பாவைக் கலைஞர்களின் குடும்பங்களுக்கும் தேவைப்படுவது இதுவேயாகும்: கற்றுக்கொள்ள ஒரு கை, எதிரே அமர்ந்து கேட்க ஓர் ஊர்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் குரலில் உங்களிடம் பேசினால், “என்ன இது விளையாட்டு?” என்று தள்ளிவிடாதீர்கள். வேலையைச் சற்றே நிறுத்திவிட்டு, பொம்மையின் கண்களைப் பார்த்து நலம் விசாரியுங்கள். பிள்ளை உங்களிடம் நேரில் சொல்லத் தயங்கும் செய்தி ஏதேனும் அந்தப் பதிலில் இருக்கக்கூடும்.

சொக்கன் இன்றும் என் வகுப்பு அலமாரியில்தான் இருக்கிறான். ஒரு பொத்தான் தளர்ந்துவிட்டது. அடுத்த பள்ளித் தவணை தொடங்குவதற்குள் தைத்துவிட வேண்டும்.