கரிக்கோச்சியை மீண்டும் ஓடவைத்தல்: மலையகப் பாதையும் அதன் பயணிகளும்

இலங்கையில் இன்னமும் நீராவியால் ஓடக்கூடியதாகப் பேணப்பட்டு வந்த புகையிரத எஞ்சின்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் பெயர்பெற்றவை 'பி1' வகுப்பைச் சேர்ந்த 251, 340 ஆகிய இரண்டும். முன்னதற்கு 'சேர் தோமஸ் மெயிற்லண்ட்' என்று பெயர், பின்னதற்கு 'பிரெட்ரிக் நோர்த்'. இருவரும் பிரித்தானிய ஆளுநர்கள். 1986இல் தொடங்கிய 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' என்ற சுற்றுலா ரயிலை, கொழும்பிலிருந்து மலைநாட்டை நோக்கி இழுத்துச் சென்றவை இத்தகைய எஞ்சின்களே. வைஸ்ரோய் என்ற பதவி இந்தியாவுக்கு உரியது. இலங்கையை ஆண்டவர்கள் ஆளுநர்கள் மட்டுமே. ஆனாலும் சுற்றுலாவுக்கு அந்தப் பெயர் எடுபட்டது.

ஒரு நீராவி எஞ்சினை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது என்றால் என்ன? மலையகப் பாதையில் அது ஏன் கூடுதல் கடினம்? அதைச் செய்யும்போது எதையெல்லாம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்? இந்தக் கட்டுரை இம்மூன்றையும் பார்க்கிறது.

கோப்பிக்காகப் போட்ட பாதை

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசெம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. நோக்கம் பயணிகள் அல்லர். மலையில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே நோக்கம். 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹற்றன், 1885இல் நானுஓயா எனப் பாதை ஏறியது. ஆனால் 1869இல் தென்பட்ட இலைநோய் அதற்குள் கோப்பியை அழித்துவிட்டது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் பாதை எட்டியது.

இந்தத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் முதல் தலைமுறைகளுக்கு ரயில் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். தலைமன்னார் வரை ரயிலும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் இணைந்தது 1914இல்தான். கோப்பி ரயிலில் போகத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகே, அதை விளைவித்தவர்கள் வந்த வழிக்கு ரயில் வந்தது.

மலையை ஏறிய எஞ்சின்கள்

மலையகப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீற்றர். இது இந்தியாவிலும் வழக்கிலுள்ள அகலப் பாதை. உலகின் பல மலைப்பாதைகள் செலவு கருதிக் குறுகிய பாதைகளாகவே போடப்பட்டன. இங்கோ அகலப் பாதையையே மலையில் ஏற்றினார்கள். ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏற வேண்டும். வளைவுகள் சிலவற்றின் ஆரை ஏறத்தாழ 100 மீற்றர் மட்டுமே. பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

பி1 எஞ்சினுக்கு முன்னே நான்கு சிறிய சக்கரங்களும், அவற்றின் பின்னே இழுவிசை தரும் ஆறு பெரிய சக்கரங்களும் உண்டு. நிலக்கரியும் நீரும் பின்னால் பூட்டிய தனி வண்டியில் வரும். பாரமான ரயில்களுக்கு இந்த எஞ்சின் போதாது. ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் பூட்டி ஏற்ற வேண்டும். இதற்குத் தீர்வாக 1927இல் 'காரட்' வகை எஞ்சின் ஒன்று வந்தது. நடுவில் ஒரே பெரிய கொதிகலன், அதன் இரு முனைகளிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள். நீளமாக இருந்தாலும் வளைவில் மடிந்து திரும்பும்.

1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து 'எம்2' டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன. பி. டி. ரம்பால தலைமைப் பொறியியலாளராகவும் பின்னர் பொது முகாமையாளராகவும் இருந்த காலத்தில் டீசல் வேகமாகப் பரவியது. நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. தெமட்டகொட எஞ்சின் கொட்டகையில் ஒரு சிலவே தங்கின.

குறுகிய பாதைகளின் கதை இன்னும் சோகமானது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903–04இல் திறக்கப்பட்ட 762 மில்லிமீற்றர் பாதை 1940களில் மூடப்பட்டுத் தண்டவாளங்களும் கழற்றப்பட்டன. களனிவெளிக் குறுகிய பாதை 1990களில் அகலப்படுத்தப்பட்டது. எனவே 1928இல் தயாரான 'சென்டினல்' நீராவி ரயில்கார் போன்ற குறுகிய பாதை வண்டிகளை எவ்வளவு கவனமாகப் பழுதுபார்த்தாலும், அவை ஓடுவதற்கு நாட்டில் பொதுப் பாதை இல்லை.

கொதிகலனே முதல் கேள்வி

நீண்டகாலம் நின்ற எஞ்சினைத் திருத்த முனைபவர்கள் முதலில் பார்ப்பது சக்கரத்தை அல்ல, கொதிகலனை. ஒரு லீற்றர் நீர் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 லீற்றர் நீராவியாக விரியும். அந்த விரிவை இரும்புச் சுவருக்குள் அடக்கி வைப்பதே எஞ்சினின் பலம். சுவர் மெலிந்திருந்தால் அதுவே ஆபத்து.

வேலை பொதுவாக இந்த ஒழுங்கில் நடக்கும்.

முதலில் கொதிகலனைச் சுற்றியுள்ள வெப்பக்காப்பு உறையை நீக்குவார்கள். பழைய எஞ்சின்களில் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் உரிய பாதுகாப்பு இல்லாமல் கைவைக்கக் கூடாது. பிறகு கொதிகலனைச் சட்டத்திலிருந்து தூக்கி இறக்கி, ஒலியலைக் கருவியால் தகட்டின் தடிப்பை இடம் இடமாக அளப்பார்கள். உள்ளே சூடான வாயு செல்லும் நூற்றுக்கு மேற்பட்ட குழாய்கள் உண்டு. அவற்றில் உப்புப் படிவும் அரிப்பும் சேர்ந்திருக்கும். குழாய்கள் தேய்ந்து மாற்றப்படவென்றே அமைந்தவை. பெரும்பாலும் முழுத் தொகுதியையும் மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது தீப்பெட்டி. எரிபொருள் எரியும் இந்த அறையைச் சுற்றிலும் மேலும் நீர் இருக்கும். உட்சுவரையும் வெளிச்சுவரையும் நூற்றுக்கணக்கான தாங்கு ஆணிகள் பிணைத்திருக்கும். ஒரு ஆணி முறிந்தால் அதன் சுமை பக்கத்து ஆணிகளுக்குப் போகும். அதனால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தே நம்ப வேண்டும்.

திருத்தம் முடிந்ததும் கொதிகலன் முழுவதும் குளிர்நீரை நிரப்பி, வழக்கமான வேலை அழுத்தத்தைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்குவரை கூடுதலாக அழுத்துவார்கள். நீராவியைத் தவிர்த்து நீரைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. நீர் சுருங்காது, எனவே வெடிப்பு இருந்தால் கசியுமே தவிர வெடித்துச் சிதறாது. இதில் தேறிய பிறகே நெருப்பு மூட்டிச் சோதிப்பார்கள். பாதுகாப்பு வால்வுகள் சரியான அழுத்தத்தில் திறக்கின்றனவா என்று அப்போது பார்க்கப்படும். முதல் நெருப்பை அவசரப்படுத்தக் கூடாது. குளிர்ந்த இரும்பு ஒரே சீராக விரிய மணித்தியாலக் கணக்கில் மெல்லச் சூடேற்ற வேண்டும்.

கொதிகலனோடு சமமாக அடிப்பாகத்து வேலையும் நடக்கும். தேய்ந்த பித்தளைத் தாங்கிகளில் வெள்ளுலோகம் உருக்கி ஊற்றிக் கடைய வேண்டும். சக்கரத்தின் வெளி வளையம் தனி உருக்கால் ஆனது. அதைச் சூடாக்கி விரியச் செய்து சக்கரத்தில் மாட்டினால், குளிரும்போது இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த எஞ்சின்களுக்குக் கடையில் உதிரிப்பாகம் கிடையாது. பழைய பாகத்தை அளந்து, மர அச்சுச் செய்து, வார்த்து, கடைந்து எடுக்க வேண்டும். அத்தகைய வசதிகளைக் கொண்ட புகையிரதத் திணைக்களத்தின் பிரதான தொழிற்சாலை இரத்மலானையில் உள்ளது.

மலை கேட்கும் தனிக் கவனம்

சமதரையில் ஓடினால் போதும் என்ற எஞ்சினை மலைக்குக் கொண்டுபோக முடியாது. ஏழு மீற்றர் நீளமுள்ள கொதிகலன் ஒன்று 44க்கு 1 ஏற்றத்தில் நின்றால், அதன் முன்முனை பின்முனையைவிட ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும். ஏறும்போது நீர் பின்னால் தீப்பெட்டிப் பக்கம் சேரும். பட்டிப்பொல உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் அதே நீர் முன்னால் ஓடிவிடும். அப்போது தீப்பெட்டியின் கூரைமேல் நீர் இல்லாமற்போனால், கூரைத் தகடு சில நிமிடங்களில் சிவந்து இளகிவிடும். இதைத் தடுக்கக் கூரையில் ஈயம் நிரப்பிய திருகாணி ஒன்று இருக்கும். வெப்பம் மிஞ்சினால் ஈயம் உருகி, அந்தத் துளை வழியாக நீராவி தீக்குள் பாய்ந்து எச்சரிக்கும். நல்ல பயர்மன் அந்த நிலைக்கு விடமாட்டார். உச்சி வருவதற்கு முன்பே கொதிகலனில் போதிய நீர் ஏற்றி வைத்திருப்பார்.

ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. ஏற்றத்தில் முழுப் பலத்தோடு இழுக்கும் எஞ்சினின் புகை சுரங்கத்துக்குள் சாரதியையும் பயர்மனையும் மூச்சுமுட்ட வைக்கும். கூரிய வளைவுகள் சக்கர விளிம்பைத் தின்னும். இறக்கத்தில் பிரேக்கே உயிர். இத்தனைக்கும் மேல் வழிநெடுக நீர் வேண்டும். பழைய நீர்த்தூண்கள் இல்லாத இடத்தில் பவுசர் மூலம்தான் நிரப்ப வேண்டும்.

இந்த அறிவு கையேட்டில் பாதிதான் இருக்கும். மீதி கையிலும் காதிலும் இருக்கும். நீராவி ஓட்டியவர்கள் ஓய்வுபெற்று மறையும்போது, அதுவும் அவர்களோடு போய்விடும். எஞ்சினைத் திருத்துவதைவிட ஆளைப் பழக்குவது நீண்ட வேலை.

தமிழகத்தின் நீலகிரி மலை ரயில் இதற்கு நல்ல ஒப்பீடு. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரத்தின் உதவியோடு நீராவி எஞ்சின்கள் ஏறுகின்றன. 2005இல் யுனெஸ்கோ அந்தப் பாதையை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. பழைய சுவிஸ் எஞ்சின்கள் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை 2011 முதல் அதே மாதிரியில் புதிய எஞ்சின்களையே கட்டியது. 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் வெளிவந்தது. அன்றாடம் ஓடும் சேவை ஒன்று இருந்ததால் திறன் அறுபடவில்லை. எப்போதாவது சுற்றுலாவுக்கு மட்டும் எஞ்சினை மூட்டும் இடத்தில் அந்தத் தொடர்ச்சி கிடைப்பதில்லை.

ஒப்பாரிக் கோச்சி

நீலகிரியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் வாழும் பல குடும்பங்கள் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் ரயிலேறிப் போனவை.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றார்கள். அவர்களையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்த ஒப்பந்தங்களின் கீழ் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் அனுப்பப்பட்டனர். தகரப் பெட்டியோடு தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்கு 'இராமானுஜம்' கப்பல், பிறகு மண்டபம் முகாம். மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்றே பெயர். உறவுகளைப் பிரித்துக்கொண்டு போன அந்த ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். எழுத்தாளர் மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பொன்றுக்கும் அதுவே தலைப்பு.

போகாமல் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் 1970களின் பஞ்சத்துக்கும் 1977 வன்முறைக்கும் பிறகு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு வந்தார்கள். போரும் அங்கே வந்தது. 1990இல் யாழ்தேவி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரிலும் தலைமன்னாருக்கு 2015 மார்ச்சிலும் ரயில் மீண்டும் வந்தது. பாதையைத் திரும்பப் போட முடிந்தது. அந்தப் பாதையால் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை என்பதை வடக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எதைச் சேர்த்துத் திருத்த வேண்டும்?

கடுகண்ணாவையில் 2014 டிசெம்பரில், ரயில் சேவையின் 150ஆம் ஆண்டையொட்டி, தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. எஞ்சின்களைக் காக்கும் இத்தகைய முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் ஒரு எஞ்சினைப் பற்றிய பதிவு அதன் தயாரிப்பாளர், எண், ஆளுநரின் பெயர் ஆகியவற்றோடு நின்றுவிடக் கூடாது.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. நீராவிக் காலத்துச் சாரதிகள், பயர்மன்கள், பாதைத் தொழிலாளர்கள் இருக்கும்போதே அவர்களது நினைவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிப்பதிவு செய்யலாம். ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா, தலைமன்னார் நிலையங்களில், இந்த மேடையிலிருந்து எந்த ஆண்டுகளில் யார் அனுப்பப்பட்டார்கள் என்று மும்மொழிகளிலும் ஒரு பலகை வைக்கலாம். லயத்து வீடுகளிலும் வன்னியிலும் நீலகிரியிலும் குடும்பங்களிடம் இருக்கும் பயண ஆவணங்கள், புகைப்படங்கள், கடிதங்களின் பிரதிகளைச் சேர்க்கலாம். இடப்பெயர்வில் காகிதங்களைத் தொலைத்தவர்களுக்கு அந்தப் பிரதியின் பெறுமதி தெரியும்.

எஞ்சின் திருத்துபவர்கள் தங்கள் வேலையில் ஒரு விதியை வைத்திருக்கிறார்கள். மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எழுதிவைக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்பது அடுத்து வருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலையகப் பாதையின் வரலாற்றுக்கும் அந்த விதி பொருந்தும். கரிக்கோச்சி மீண்டும் கூவிக்கொண்டு மலையேறும்போது, அதில் தேயிலை போனதோடு மக்களும் போனார்கள் என்பது அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.